நூல்வாயிலில் ஒரு குறிப்பு: பாயிரம் முதல் மெட்டா விளக்கம் வரை

இணையத்தில் ஒரு சொல்லைத் தேடும்போது முடிவுகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு அல்லது மூன்று வரிகளில் ஒரு குறிப்பு இருக்கும். அந்தப் பக்கத்தில் என்ன உள்ளது என்பதைத் திறக்கும் முன்பே சொல்வது அதன் வேலை. பக்கத்தை உருவாக்கியவர் இதற்கென்றே எழுதி, பக்கத்தின் தலைப்பகுதியில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் வாசகத்துக்கு மெட்டா விளக்கம் என்று பெயர். அது எழுதப்படாவிட்டால், அல்லது எழுதியது பொருந்தவில்லை என்று தேடுபொறி கருதினால், பக்கத்திலிருந்து ஏதோ ஒரு பகுதியைப் பொறியே எடுத்துக் காட்டும். தமிழ்ப் பக்கங்களில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

இது கணினியோடு வந்த புதுப் பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. உள்ளே வராத ஒருவருக்கு உள்ளே இருப்பதைச் சில சொற்களில் சொல்லும் கலை தமிழில் மிகப் பழையது. அதை யார் எழுதலாம், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கெல்லாம் இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். அந்த இலக்கணம் எதை அஞ்சியதோ, அதுவே 1990-களில் இணையத்தில் நடந்தது.

பாயிரத்தின் விதி

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம் இவ்வகையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. நூல் வழங்கும் நிலத்தின் எல்லை, நூல் பேசும் பொருள், அரங்கேறிய அவை, ஆசிரியர் பெயர் ஆகியவை அந்தச் சில அடிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதைத் தெளிவான விதியாக்கினார். ஒரு சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைத் தர வேண்டும்: எழுதியவர் யார், எந்த முதல்நூலின் வழியில் வந்தது, எந்த நிலப்பகுதியில் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எவ்வகையில் தொகுத்து அமைக்கப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியது, கேட்டால் என்ன பயன். இவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்கிறார். நூல் எவ்வளவு விரிந்ததாக இருந்தாலும் பாயிரம் இல்லையென்றால் அதை நூலாகக் கொள்வதற்கில்லை என்பதும் அவர் கருத்து.

இன்று ஒரு வலைப்பக்கத்துக்குக் குறிப்பு எழுத உட்காருபவருக்கு இந்த எட்டில் மூன்று இன்றியமையாதவை. எதைப் பற்றியது, யாருக்கு, என்ன பயன். மற்றவை பக்கத்தின் தலைப்பிலோ முகவரியிலோ வந்துவிடும்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று நன்னூலில் இருக்கிறது. பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும். எத்தனை பெரிய நூலைச் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது இதற்குக் காரணம். ஆனால் நான்கு இடங்களில் மட்டும் விலக்கு அளிக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடம் பேசும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். பள்ளியில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் இந்த விலக்குகளைக் கேட்டுச் சிரிப்பார்கள். தேடுபொறியில் வருபவர் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர், அதாவது நம்மை அறியாதவர். ஆகவே வலைப்பக்கக்காரர் தம் பக்கத்தைப் பற்றித் தாமே எழுதுவதற்குப் பவணந்தியார் இடம் கொடுத்திருக்கிறார் என்று வாதிடலாம்.

பாடலுக்கு மேல் ஒரு வரி

சங்க அகப்பாடல்களில் பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழலில் என்பதைப் பாடலோடு வரும் ஒரு வரிக் குறிப்பு சொல்கிறது. இதைக் கூற்று என்றும் கிளவி என்றும் வழங்குவர். செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40-ஆம் பாடல் பலருக்கும் தெரியும். முன்பின் அறியாத இருவரின் நெஞ்சங்கள் கலந்தது பற்றிய பாடல் அது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அந்த அச்சத்தை அவள் முகத்தில் கண்ட தலைவன் சொல்வதாகக் குறிப்பு கூறுகிறது. குறிப்பைப் படிக்காமல் பாடலைப் படித்தால் அது இன்பக் களிப்பாக மட்டும் தெரியும். படித்த பிறகு அதில் ஒரு தேற்றும் குரல் கேட்கிறது.

இக்குறிப்புகள் பாடிய புலவர்களுடையவை அல்ல, பின்னர் வந்தவர்கள் சேர்த்தவை என்பதே பொதுவான கருத்து. சில இடங்களில் குறிப்பு பாடலுக்குப் பொருந்தவில்லை என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. ஆயினும் நாம் அந்த வரியின் வழியாகவே பாடலுக்குள் நுழைகிறோம். வாசல் குறிப்புக்கு உள்ள அதிகாரம் இது. புறநானூற்றில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்னும் விவரங்கள் வருகின்றன. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பதிகமும், ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கும் உள்ளன. அங்கே பாட்டின் பெயர் என்பது பாட்டுக்குள்ளேயே வரும் ஓர் அரிய தொடர். பக்கத்தின் உள்ளேயிருந்து ஒரு தொடரைத் தேர்ந்து வெளியே காட்டும் முறை, அப்படியானால், கூகுளுக்கு முன்பே இங்கு இருந்தது. தேர்ந்தவர் மனிதர் என்பதுதான் வேறுபாடு.

மூலத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு நச்சினார்க்கினியர் உரை பெருந்துணையாக இருந்தது. ஆனால் அந்த உரைகாரர் மேற்கோள் காட்டும்போது பல இடங்களில் நூற்பெயரைக் குறிப்பதில்லை. அந்த அடிகள் எந்த நூலில் உள்ளவை என்று அறிய ஐயர் ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது.

வில்லிபுத்தூர்க் கடைசிப் பாசுரம்

எங்கள் வட்டாரத்துச் சான்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரங்கள் கொண்டது. முப்பதாவது பாசுரம் முன்னவற்றிலிருந்து வேறானது. பாடியவர் பெயர் கோதை, அவர் பட்டர்பிரானின் மகள், ஊர் புதுவை என்னும் வில்லிபுத்தூர், மொழி தமிழ், எண்ணிக்கை முப்பது, தவறாமல் சொல்பவருக்குக் கிட்டும் அருள் இன்னது என்பவை அதில் வருகின்றன. நாச்சியார் திருமொழியின் 14 திருமொழிகளிலும் பெரும்பாலும் இறுதிப் பாசுரம் இப்படியே அமைகிறது. பெரியாழ்வாரும் இம்முறையைக் கையாண்டிருக்கிறார்.

இதில் எண்ணிக்கை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கும் காலத்தில் ஒரு பாசுரம் விடுபட்டால் எண்ணிப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வேறொருவர் ஒன்றைச் சேர்த்தாலும் தெரியும். குறிப்பு நூலுக்குக் காவலாகவும் நின்றிருக்கிறது. முகப்பில் நிற்பவை தனியன்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் வடமொழியிலும் உய்யக்கொண்டார் தமிழிலும் எழுதியவை இன்றும் ஓதப்படுகின்றன. இருவரும் ஆண்டாளுக்குப் பின் வந்தவர்கள். நன்னூலின் விதிப்படி பார்த்தாலும் இது சரியாக வருகிறது.

மாறாக, கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தி நமக்கு நல்ல முன்மாதிரி அல்ல. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து மன்னனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் முன்னுரை கல்வெட்டின் தொடக்கத்தில் இடம்பெற்றது. அதைக் கடந்த பிறகே மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். கோயிலுக்கு எத்தனை ஆடு, எத்தனை வேலி நிலம் என்னும் உண்மையான செய்தி அதற்கும் பின்னால்தான். ஆனால் மெய்க்கீர்த்திகளுக்கு மன்னன்தோறும் தனித் தொடக்கம் உண்டு. பெயர் சிதைந்த கல்வெட்டைக்கூட முதல் சில சொற்களைக் கொண்டு இன்னாருடையது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். முதல் சொற்களின் பயன் அப்படிப்பட்டது.

அட்டவணைக்காரர்கள்

அச்சு வந்த பிறகு வாசகர் ஒரு நூலின் முன் நிற்கவில்லை, நூற்றுக்கணக்கான நூல்களின் முன் நின்றார். 1857 முதல் 1862 வரை வில்லியம் டெய்லர் சென்னையிலிருந்த கீழைநாட்டுச் சுவடிகளுக்கு மூன்று தொகுதிகளில் விளக்க அட்டவணை வெளியிட்டார். 1865-இல் ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி, சிறு குறிப்புகளுடன் ஒரு பட்டியல் தந்தார். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை. மர்டாக் கிறித்தவ நூல் வெளியீட்டில் ஈடுபட்ட பாதிரியார். சமய நூல்களுக்கு அவர் எழுதிய குறிப்புகளில் அந்தப் பார்வை தெரியும். அக்குறை இருந்தாலும், அன்று எவையெல்லாம் அச்சில் இருந்தன என்பதை அறிய இன்றும் அவரிடமே போகிறோம். பார்னெட்டும் போப்பும் சேர்ந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்குச் செய்த பட்டியல் 1909-இல் வந்தது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அட்டவணை எழுதும் முறைக்கென்றே 1934-இல் தனி நூல் எழுதினார். நூலக அட்டை 3 அங்குல உயரமும் 5 அங்குல அகலமும் உடையது. எழுதுபவர் எவ்வளவு கற்றவராக இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அட்டைகளைப் புரட்டி வளர்ந்த எங்கள் தலைமுறைக்குத் தேடல் முடிவுப் பக்கம் பழகிய இடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இணையத்தில் நடந்தது

1994-இல் தொடங்கிய யாகூ, தளங்களை மனிதர்களைக் கொண்டே வகைப்படுத்தி ஒரு வரி விளக்கம் கொடுத்தது. 1998-இல் தொடங்கிய டிமாஸ் என்னும் திறந்த அடைவில் தன்னார்வலர்கள் இதே வேலையைச் செய்தார்கள். தளத்துக்காரர் அல்லாத ஒருவர் குறிப்பு எழுதுவது என்னும் வகையில் இது பாயிர முறை. பக்கங்கள் பெருகியபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. யாகூ தன் அடைவை 2014-இன் இறுதியில் மூடியது. டிமாஸ் 2017-இல் மூடப்பட்டது.

மற்றொரு வழி, பக்கக்காரரையே எழுதச் சொல்வது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல் 2.0 வரையறையிலேயே மெட்டா என்னும் உறுப்பு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் அதில் எழுதப்பட்ட விளக்கத்தையும் முக்கியச் சொற்களையும் எடுத்துக்கொண்டன. பவணந்தியார் அஞ்சியது உடனே நடந்தது. பக்கத்தில் இல்லாத பொருளையெல்லாம் முக்கியச் சொற்களாக எழுதினார்கள். ஒரே சொல்லை நூறு முறை அடுக்கினார்கள். சமையல் தேடி வந்தவர் சூதாட்டப் பக்கத்தில் போய் நின்றார்.

1998-இல் தொடங்கிய கூகுள் வேறு வழியில் போனது. பக்கக்காரர் தம்மைப் பற்றிச் சொல்வதைவிடப் பிற பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புகளை அது மதித்தது. முடிவுகளில் காட்டும் குறிப்பையும் தேடிய சொல் வரும் இடத்திலிருந்து தானே எடுத்தது. 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது: முக்கியச் சொற்கள் என்னும் மெட்டா பகுதியை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை, விளக்கப் பகுதியும் வரிசையை மாற்றாது, ஆனால் முடிவில் காட்டும் குறிப்பாகச் சில வேளைகளில் அதை எடுத்துக்கொள்வோம். ஆகவே மெட்டா விளக்கம் எழுதினால் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிடும் என்று பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டியதில்லை. அதனால் ஆகக்கூடியது, பட்டியலைப் பார்க்கும் வாசகர் சரியான பக்கத்தைத் தேர்ந்துகொள்ள உதவுவதுதான்.

குறிப்பின் நீளத்துக்குக் கூகுள் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 160 எழுத்துகள் காட்டப்பட்டுவந்தன. 2017 டிசம்பரில் அது 300-ஐத் தாண்டி நீண்டது. பலரும் தம் குறிப்புகளை நீட்டி எழுதி முடிப்பதற்குள், 2018 மே மாதத்தில் பழையபடி குறைந்துவிட்டது.

தமிழுக்கு உள்ள சங்கடங்கள்

தமிழ்ப் பக்கங்கள் இந்த வரலாற்றில் தாமதமாகவே நுழைந்தன. 1990-களின் இறுதியில் ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. திரையில் தமிழ் தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தேடுபொறிக்கு அது தமிழ் என்பதே தெரியாது. அப்பக்கங்கள் முடிவுகளில் வந்தால், குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் யாருக்கும் புரியாத குறிகளின் வரிசை நிற்கும். திஸ்கி, டாப், டாம் என்னும் குறியீட்டு முறைகள் 1999-ஐ ஒட்டி வந்தன. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தாலும் அது பரவலானது 2003-க்குப் பிறகு. அந்த ஆண்டில்தான் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. ஒருங்குறிக்கு மாற்றப்படாத பழைய பக்கங்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இன்றைய தேடலில் இல்லாதவையே.

ஒருங்குறி வந்த பிறகும் சில சிக்கல்கள் உள்ளன. எங்கள் பக்கத்து ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதில், ஸ்ரீயை ஒன்றாகக் கொண்டால், கண்ணுக்கு 8 எழுத்துகள். கணினிக்கு 18 குறிகள். ஏனெனில் புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. நீளத்தை அளந்து எச்சரிக்கும் கருவிகள் இந்த 18-ஐத்தான் எண்ணுகின்றன. ஆங்கிலக் கணக்கில் 160 என்று வைத்துக்கொண்டு எழுதினால், தமிழில் அது மிகச் சில சொற்களில் முடிந்துபோகும். சில மென்பொருள்கள் எண்ணிய இடத்தில் அப்படியே வெட்டி, தூ என்பதைத் த ஆக்கிவிடுகின்றன.

இன்னொன்று. ஸ்ரீ என்னும் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த மற்றொரு கிரந்த எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். இதோடு திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர் என்று எழுதுவோரும் உள்ளனர். எங்கள் ஊரை இராஜபாளையம், ராஜபாளையம், இராசபாளையம் என்று மூவகையில் எழுதுகிறார்கள். தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டுவார் என்று சொல்ல முடியாது. தலைப்பில் ஒரு வடிவம் இருந்தால் குறிப்பில் மற்றொன்றை இயல்பாக இடம்பெறச் செய்வது நல்லது. போதாக்குறைக்கு, ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் எங்கள் ஊர் நாயும் பக்கத்து ஊர்ப் பால்கோவாவும் முந்திக்கொண்டு வரும். அவற்றின் மீது வருத்தமில்லை. ஆனால் ஊர் வரலாறு தேடுபவர் தம் பக்கத்தை அடையாளம் காண வேண்டுமே.

மூன்றாவது சங்கடம் தமிழின் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. நாம் எச்சங்களை அடுக்கி, பெயரையும் முற்றையும் கடைசியில் வைக்கிறோம். வெட்டுபவர் கடைசியில்தான் வெட்டுகிறார். ஓர் எடுத்துக்காட்டு:

"இராஜபாளையத்தில் 1898-ஆம் ஆண்டு பிறந்து, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, பின்னர் ஒரிசா ஆளுநராகவும் பணியாற்றிய, தம் வீட்டையே கலைமன்றத்துக்குக் கொடையாக அளித்த பெருந்தகை பூ. ச. குமாரசாமி ராஜாவின் வாழ்க்கை வரலாறு."

வாக்கியத்தில் பிழையில்லை. தேர்வுத்தாளில் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஒரிசா வருவதற்குள் வெட்டு விழும். யாரைப் பற்றியது என்பது குறிப்பில் இராது. இணையத்தில் அடிக்கடி காணும் மற்றொரு வகை, "குமாரசாமி ராஜா, குமாரசாமி ராஜா வரலாறு, வியக்க வைக்கும் அரிய தகவல்கள்" என்று செல்வது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரையாளரும் முதல் வகைப் பிழையைப் பல பக்கங்களில் செய்தவரே. முதல் கட்டுரைகளுக்குக் குறிப்பு எழுத வேண்டும் என்பதே தெரியாமல் இருந்து, தேடல் முடிவில் "பொருளடக்கம்" என்ற சொல்லும் ஒரு படத்தின் அடிக்குறிப்பும் வந்து நின்றதைப் பார்த்த பிறகு எழுதத் தொடங்கினேன். ஆசிரியத் தொழிலின் பழக்கத்தில், மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைவதுபோல் கட்டுரை முழுவதையும் குறிப்பில் அடைக்கப் பார்த்தேன். சுருக்கி வரைதல் படித்து முடித்தவருக்கு உரியது. இதுவோ இன்னும் படிக்காதவருக்கு.

அதே பக்கத்துக்கு இப்போது எழுதியிருப்பது இது:

"பூ. ச. குமாரசாமி ராஜா (1898–1957): 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வர். ராஜபாளையத்தில் காந்தி கலைமன்றத்துக்குத் தம் வீட்டை அளித்தவர். வாழ்க்கை, ஆட்சி, கொடை."

பெயர் முதலில் நிற்கிறது. வெட்டு எங்கே விழுந்தாலும் அதற்கு முன் வந்த வாக்கியம் முழுமையாக இருக்கும். தலைப்பில் இகரத்தோடு எழுதிய ஊர்ப்பெயர் குறிப்பில் இகரம் இல்லாமல் வருகிறது. கடைசி மூன்று சொற்கள், பள்ளி மாணவர் ஒருவர் கட்டுரைக்குச் செய்தி தேடி வந்தால் இங்கே என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கின்றன. பெருந்தகை என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அது பக்கத்தின் உள்ளே இருக்கிறது.